மடிப்பிலே இருக்கிறது மர்மம்

தையல் வகுப்பில் நாங்கள் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாடம் தையல் அன்று. நூலைச் சுற்றி வைப்பது. நூல்கண்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பேச்சில் மூழ்கினால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சிக்கலாகிவிடும். பிறகு கத்தரிக்கோலைத் தவிர வேறு வழியில்லை. "நூலைச் சுற்றத் தெரியாதவளுக்குத் தைக்கவும் தெரியாது" என்பது எங்கள் தையல் ஆசிரியை அடிக்கடி கூறும் மொழி.

உயிரியல் வகுப்பில் டி.என்.ஏ.யைப் பற்றிப் படித்தபோது அந்த மொழிதான் எங்கள் நினைவுக்கு வந்தது. ஏனெனில் நம் உடலின் செல்களுக்குள் நூல் சுற்றும் வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த வேலை மனிதனுக்கு மட்டும் உரியதன்று. ஈயும் தேனீயும், மீனும் பாம்பும், பூனையும் மானும் அதே வேலையைத் தத்தம் முறையில் செய்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மடித்து வைப்பது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமன்று; எதை எப்போது பயன்படுத்துவது என்பதும் அந்த மடிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் கண்டும்

டி.என்.ஏ. என்பது நீண்ட, மிக மெல்லிய ஓர் இழை. நான்கே நான்கு வேதி எழுத்துகள் மாறி மாறி வந்து அதில் செய்திகளாக அமைகின்றன. ஒரு புரதத்தைத் தயாரிக்கும் முறை எழுதப்பட்ட பகுதியை ஜீன் என்கிறோம். மனிதச் செல் ஒன்றில் தாய் வழியாக வந்த இழைகளும் தந்தை வழியாக வந்த இழைகளும் சேர்ந்து ஏறத்தாழ 620 கோடி எழுத்துகள் உள்ளன. அந்த இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 2 மீட்டர் நீளம் வரும். ஆனால் அவை அடங்கியிருக்கும் உட்கருவின் அகலமோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஆறு பங்கு!

இது எங்களுக்கு எளிதில் பிடிபடவில்லை. எனவே கணக்குப் போட்டுப் பார்த்தோம். உட்கருவைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கினால் அது ஒரு சாத்துக்குடி அளவு ஆகும். அப்போது அதனுள் இருக்கும் நூலின் நீளம் 20 கிலோமீட்டர்! நூலின் கனமோ தலைமயிரைவிடக் குறைவு. சிக்கல் விழாமல் இவ்வளவு நூலையும் சாத்துக்குடிக்குள் அடைத்தாக வேண்டும். அதோடு வேண்டிய இடத்தை வேண்டியபோது பிரித்துப் படிக்கவும் முடிய வேண்டும்.

இதற்கு இயற்கை கையாளும் வழி நாம் கையாளும் வழிதான். நூலைக் கண்டில் சுற்றுவது! ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டு ஒன்றுகூடிச் சிறு உருளையாகின்றன. 147 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. இழை அதன்மேல் இரண்டுக்குச் சற்றுக் குறைவான சுற்றாகச் சுற்றிக்கொள்கிறது. பின்னர் சிறிது இடைவெளி. அதன்பின் அடுத்த கண்டு. இப்படி ஒரு மனித உட்கருவுக்குள் ஏறத்தாழ 3 கோடிக் கண்டுகள் இருக்கின்றன.

ஹிஸ்டோனை 1884-ஆம் ஆண்டு முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பிரெக்ட் காஸல். வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் என்னும் பறவையின் இரத்தத்திலிருந்து அவர் அதனைப் பெற்றார். ஆனால் அது நூல்கண்டாகப் பயன்படுகிறது என்பது தெரிய மேலும் 90 ஆண்டுகள் ஆயின. 1974-இல் அமெரிக்காவில் டொனால்ட் ஓலின்ஸ், ஏடா ஓலின்ஸ் என்னும் தம்பதியர் எலி, கோழி ஆகியவற்றின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கியபோது நூலில் கோத்த மணிகளைப் போன்ற காட்சியைக் கண்டனர். அதே ஆண்டில் ரோஜர் கார்ன்பெர்க் என்பவர் அந்த மணிகளின் அமைப்பை விளக்கினார்.

இந்தக் கண்டு எல்லா விலங்குகளிலும் ஏறக்குறைய ஒன்றே. விலங்குகளில் மட்டுமா? 1969-இல் பசுங்கன்றின் ஹிஸ்டோன் ஒன்றையும் பட்டாணிச் செடியின் ஹிஸ்டோனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புரதத்தில் 102 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டே இரண்டுதான் வேறுபட்டிருந்தன! பசுவும் பட்டாணியும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகியும் நூல்கண்டு மட்டும் மாறவில்லை. அது சிறிது மாறினாலும் உயிர் நிலைப்பது அரிது என்பதையே இது காட்டுகிறது.

பெரியவர் யார், சிறியவர் யார்?

கண்டு ஒன்றுதான் என்றால், நூலின் நீளமாவது உயிர்களின் உயர்வு தாழ்வைக் காட்டுமா? மனிதனுக்குத்தான் அதிக நூல் இருக்கும் என்று எங்களுள் பலர் பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னார்கள். பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள்!

ஒரு வழியாக வரும் நூலை மட்டும் கணக்கிட்டால் மனிதனுக்கு ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள். தென் அமெரிக்க நுரையீரல் மீனுக்கோ 9,100 கோடி! 2024-இல் வெளியான கணக்கு இது. அதாவது நம்மைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. மாறாக, ஜப்பானியர் 'ஃபுகு' என்றழைக்கும் பேத்தை மீனுக்கு 40 கோடி எழுத்துகளே உள்ளன. அதுவும் நீந்துகிறது, இரை தேடுகிறது, இனம் பெருக்குகிறது. நீளமான நூலின் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்களே என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

சரி, ஜீன்களின் எண்ணிக்கையாவது கைகொடுக்குமா? புரதம் தயாரிக்கும் ஜீன்கள் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றுக்கும் ஏறத்தாழ அதே 20,000!

குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். நூல் முழுவதும் ஒரே துண்டாக இல்லாமல் பல துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். மனிதனுக்கு 46. குரைப்பது போல் ஒலி எழுப்பும் கேளையாடு என்னும் மானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம்களும் ஆணுக்கு 7 குரோமோசோம்களுமே உண்டு என்பது 1970-இல் தெரியவந்தது. அதன் நெருங்கிய உறவினரான சீனக் கேளையாட்டுக்கோ 46! துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டனவே தவிர, எழுதப்பட்ட செய்தி பெரிதும் மாறிவிடவில்லை.

ஆகவே நூலின் நீளமும், துண்டுகளின் கணக்கும், ஜீன்களின் எண்ணிக்கையும் ஓர் உயிரின் தன்மையைச் சொல்லமாட்டா. வேறெது சொல்லும்?

பெட்டியின் அடியில் பட்டுப்புடவை

பாட்டியின் பெட்டியை நினைத்துக்கொள்வோம். நாள்தோறும் உடுக்கும் நூல்புடவை மேலே இருக்கும். கல்யாணத்திற்கு உடுக்கும் பட்டுப்புடவை அடியில் கிடக்கும். இரண்டும் பாட்டியுடையவைதாம். ஆனால் கைக்கு எட்டுவது மேலே உள்ளது மட்டுமே.

செல்லும் இப்படித்தான் செய்கிறது. கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே நூல். கண்ணுக்கு வேண்டிய பகுதி கண்ணில் தளர்ந்து திறந்திருக்கும். கல்லீரலில் அது இறுக மடிந்திருக்கும். திறந்த ஜீன் வேலை செய்யும். மடிந்த ஜீன் உறங்கும். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதற்குச் சில வேதிக் குறிகள் உண்டு. ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் என்னும் குறி விழுந்தால் சுற்று தளர்கிறது. 1964-இலேயே வின்சென்ட் ஆல்ஃப்ரி என்பவர் இதனை எடுத்துக்காட்டினார். டி.என்.ஏ.யின்மேல் மீத்தைல் என்னும் குறி விழுந்தால் பெரும்பாலும் அப்பகுதி அடங்கிவிடுகிறது.

இக்குறிகளைப் பயன்படுத்துவதில் விலங்குக்கு விலங்கு வேறுபாடு உண்டு. மீத்தைல் குறி விழக்கூடிய முக்கிய இடங்களில் நூற்றுக்கு எழுபது எண்பது மனிதனிடம் குறியிடப்பட்டிருக்கும். தேனீயிடம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பழ ஈயிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அது வேறு வழிகளால் தன் ஜீன்களை அடக்குகிறது.

மடிக்கும் விதமும் வேறுபடும். மனிதனின் முதிர்ந்த சிவப்பணு உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. கோழியின் சிவப்பணுவோ உட்கருவை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முழுவதையும் பூட்டிவிடுகிறது. ஆணின் விந்தணுவில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி அகற்றப்பட்டு, புரோட்டமின் என்னும் வேறு புரதம் நூலை இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. ஜீப்ரா மீனின் விந்தணுவோ ஹிஸ்டோன் கண்டுகளையே வைத்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் விந்தையானது சுண்டெலியின் கண். பொதுவாக உட்கருவில் இறுகிய மடிப்புகள் ஓரத்திலும் திறந்த பகுதிகள் நடுவிலும் இருக்கும். இரவில் நடமாடும் சுண்டெலியின் விழித்திரையில் ஒளி உணரும் செல்களில் இது தலைகீழ்! இறுகிய மடிப்பெல்லாம் நடுவில் திரண்டு ஒரு நுண்ணிய லென்ஸ் போல் ஆகி, கிடைக்கும் சொற்ப ஒளியையும் சிதறவிடாமல் உள்ளே செலுத்துகிறது. 2009-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டார்கள். பகலில் நடமாடும் நமக்கு இந்த ஏற்பாடு இல்லை.

பாம்பின் கால்

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது பழமொழி. விஞ்ஞானிகளும் இப்போது அதைச் சிறிது அறிந்திருக்கிறார்கள். கால் வளர வேண்டுமானால் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்னும் ஜீன் உரிய இடத்தில் விழித்தெழ வேண்டும். பாம்பிடம் அந்த ஜீன் நலமாகவே இருக்கிறது. கெட்டுப்போனது அதன் சுவிட்சு!

அந்தச் சுவிட்சு ஜீனுக்குப் பக்கத்தில் இல்லை. நூலில் பல லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது. நூல் வளைந்து மடிவதால்தான் இரண்டும் அருகருகே வர முடிகிறது. 2016-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்குழு சுண்டெலியின் சுவிட்சை எடுத்துவிட்டு, பாம்பின் சுவிட்சை அங்கே பொருத்தியது. பிறந்த எலிகளின் கால்கள் வளராமல் குறுகிப்போயின. பாம்பின் சுவிட்சில் விடுபட்டிருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்தபோது கால்கள் சரியாக வளர்ந்தன. ஒரு விலங்கு ஊர்வதும் நடப்பதும் ஜீன் இருப்பதால் மட்டும் அமைவதில்லை. அது திறக்கப்படுவதாலும் அமைகிறது.

ஒரே கூட்டில் அரசியும் வேலைக்காரியும்

பாம்பின் சுவிட்சு பழுதுபட்டது. எழுத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே இருவேறு உருவங்கள் தோன்றுவதைத் தேன்கூட்டில் காணலாம். இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே விதமான முட்டையிலிருந்து பிறக்கும் பெண்களே. ஒன்று நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இட்டுச் சில ஆண்டுகள் வாழ்கிறது. மற்றொன்று முட்டையிடாமல் உழைத்து, கோடையில் ஆறு வாரங்களில் மடிகிறது. வேறுபாடு உண்ணும் உணவில் தொடங்குகிறது. இராணியாகப் போகும் புழுவுக்குத் தாதித் தேனீக்கள் ராயல் ஜெல்லி என்னும் கூழைத் தாராளமாக ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. மற்றவற்றுக்குச் சில நாட்களில் அதைக் குறைத்துத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு தருகின்றன.

2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சில புழுக்களில் மீத்தைல் குறியிடும் நொதியை அடக்கினர். அவற்றுள் பெரும்பாலானவை இராணியின் உறுப்புகளோடு வளர்ந்தன! குறி ஒன்றே முழுக் காரணம் அன்று. உணவின் அளவுக்கும் ஹார்மோன்களுக்கும் பங்குண்டு. ஆயினும் ஒவ்வொரு வேலைக்காரத் தேனீயிடமும் ஓர் இராணி மடித்து வைக்கப்பட்டிருந்தாள் என்பது உறுதியாயிற்று.

மூவண்ணப் பூனை சொன்ன கதை

இனி நம் கதைக்கு வருவோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஒன்றே. இரண்டும் முழுமையாக வேலை செய்தால் பெண்ணின் செல்லில் சரக்கு இருமடங்காகிவிடும். இதைச் சமன்செய்ய ஒவ்வொரு விலங்கினமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. பழ ஈயில் ஆண் தன் ஒற்றை எக்ஸை இருமடங்கு வேலை வாங்குகிறது. முன்பு சொன்ன சிறு உருளைப்புழுவில் இரண்டு எக்ஸ் உள்ளவை இரண்டையும் பாதியாகக் குறைத்துக்கொள்கின்றன. கங்காருவில் தந்தை வழி எக்ஸ் மட்டும் மூடப்படுகிறது. நம்மிடமும் பூனை, எலி ஆகியவற்றிடமும் இரண்டில் ஏதோ ஒன்று இறுக மடிக்கப்படுகிறது. சில ஜீன்கள் மட்டும் அதிலிருந்து தப்புகின்றன.

அப்படி மடிந்த எக்ஸை முதலில் கண்டவர்கள் கனடாவைச் சேர்ந்த மரே பார், எவர்ட் பெர்ட்ராம் ஆகியோர். 1949-இல் பெண் பூனையின் நரம்புச் செல்லில் ஒரு கரும்புள்ளியாக அதனைப் பார்த்தனர். அது இன்னதென்று அப்போது தெரியவில்லை. 1961-இல் மேரி லயன் என்னும் ஆங்கிலப் பெண் விஞ்ஞானி சுண்டெலிகளின் திட்டுத் திட்டான உரோமத்தை ஆராய்ந்து விளக்கம் தந்தார். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஓர் எக்ஸைத் தற்செயலாகத் தேர்ந்து மூடுகிறது. அதன் வழிவந்த செல்கள் எல்லாம் அந்தத் தேர்வையே பின்பற்றுகின்றன என்றார்.

நம் வீதிகளில் திரியும் கருப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த பூனையே இதற்குச் சாட்சி. செம்மஞ்சள் நிறத்துக்கான செய்தி எக்ஸில் இருக்கிறது. அது திறந்த இடத்தில் செம்மஞ்சள். மடிந்த இடத்தில் கருப்பு. வெள்ளைக்குக் காரணம் வேறொரு ஜீன். இத்தகைய பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்பூனைகள். 2001 டிசம்பரில் டெக்சாஸில் இப்படிப்பட்ட ஒரு பூனையின் செல்லிலிருந்து குளோனிங் முறையில் ஒரு குட்டியைப் பிறப்பித்தார்கள். தாயின் நூல் அத்தனையும் குட்டியிடம் இருந்தது. ஆனால் செம்மஞ்சள் நிறம் மட்டும் இல்லை! எடுத்த செல்லில் அந்த எக்ஸ் மடிந்திருந்தது. அது மடிந்தபடியே இருந்துவிட்டது.

பெண்களாகிய நாம் ஒவ்வொருவரும் இப்படித்தான். சில செல்களில் தாயின் எக்ஸும் மற்றவற்றில் தந்தையின் எக்ஸும் திறந்திருக்கின்றன.

மடிப்பைக் காக்கும் புரதம்

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. ரெட் நோய்க்குறி என்ற கொடிய நோய் ஒன்று உண்டு. 1966-இல் வியன்னா மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் அதனை விவரித்தார். ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒன்றை அது பற்றுகிறது. குழந்தை நன்றாகப் பிறந்து, சிரித்து, ஓரிரு சொற்களும் பேசத் தொடங்கும். ஒரு வயதை ஒட்டிப் பேச்சு மறையும். பொருளைப் பற்றிய கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருக்கும்.

காரணம் 1999-இல் தெரிந்தது. லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் மருத்துவர் ஹுதா ஸோக்பியின் குழுவினர் அதனைக் கண்டறிந்தனர். மீத்தைல் குறிகளின்மேல் அமர்ந்து மடிப்பைக் காக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் ஜீன் எக்ஸில் இருக்கிறது. அதில் நேர்ந்த எழுத்துப் பிழையே நோய்க்குக் காரணம். பெரும்பாலும் இப்பிழை புதிதாக நேர்வது, பெற்றோரின் குற்றமன்று. கருவுற்றிருந்தபோது ஏதோ செய்துவிட்டாய், உண்டுவிட்டாய் என்று தாயைப் பழிப்பது அறியாமையே ஆகும்.

இங்கேதான் மடிப்பு நம்பிக்கையும் தருகிறது. இக்குழந்தைகளின் செல்களில் ஏறக்குறைய பாதியில் நல்ல ஜீன் திறந்திருக்கிறது. அதனால்தான் அவர்கள் உயிர் வாழ்கிறார்கள். மீதிப் பாதியிலும் நல்ல ஜீன் இல்லாமலில்லை. மடிந்த எக்ஸில் உறங்குகிறது! 2007-இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழுவினர், இந்த ஜீன் அடக்கப்பட்டு நோயுற்றிருந்த எலிகளில் அதை மறுபடி திறந்தனர். நடுங்கிக்கொண்டிருந்த எலிகள் தேறின. மூளைச் செல்கள் இறந்துவிடவில்லை, காத்திருந்தன என்பது அதனால் தெளிவாயிற்று. மனிதக் குழந்தைகளுக்கு அந்நாள் இன்னும் வரவில்லை. சில அறிகுறிகளைத் தணிக்கும் முதல் மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உறங்கும் எக்ஸைத் தட்டி எழுப்பும் முயற்சி ஆய்வகங்களில் நடந்துவருகிறது.

கூஸ் பறவையின் இரத்தமும், பூனையின் நரம்பும், எலியின் உரோமமும் ஆராயப்படாதிருந்தால் இந்தக் குழந்தைகளின் நோய் இன்னதென்றே நமக்குத் தெரிந்திருக்காது. நூல்கண்டு எல்லா விலங்குகளுக்கும் பொதுவாயிருப்பதன் பயன் இதுவே. ஓர் உயிரை அறிந்தால் மற்றோர் உயிருக்கு உதவலாம்.

தோழியரே! பேசாத ஒரு சிறுமியைப் பார்த்து, "இவளிடம் ஒன்றுமில்லை" என்று சொல்வது எளிது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் இல்லாததாகிவிடாது. பாட்டியின் பெட்டியில் பட்டுப்புடவை அடியில்தானே இருக்கிறது! அதைக் கசங்காமல் வெளியே எடுக்கும் வழியைத்தான் இன்று பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்களுள் நம் வகுப்பிலிருந்து ஒருத்தியும் இருக்கலாம் அல்லவா?